கட்டில் நுழையும் வாசல்

ஆரணியில் எந்த வீடானாலும், தோள்பை ரம்பம் இடிக்காமல் ஒருக்களித்துத்தான் நுழைவார் தச்சர் பழனி. டாக்டர் பங்களாவில் மட்டும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நட்டநடு வாசலில் நடந்து போவார். அறுபத்து மூன்று வயது மனிதர் கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை மாதிரி வருவதைப் பார்த்து, டோக்கனுக்குக் காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். விரல் நுனி எந்தப் பக்கமும் படாது. அடேங்கப்பா, அவ்வளவு அகலம்!

காதில் எப்போதும் பென்சில். ஆணியோடு பேசுகிற ஆசாமி. அது கோணலாக இறங்கினால், "இன்னாடா, காலங்காத்தால பேஜார் பண்ற?" என்று அதட்டுவார்.

அந்த வாசல் முதலில் குறுகலாகத்தான் இருந்தது. பெரிய டாக்டர் பங்களா கட்டிய புதிதில், முள்ளிப்பட்டிலிருந்து பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைக் கயிற்றுக்கட்டிலில் தூக்கி வந்தார்கள். கட்டில் வாசல் நிலையில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. டாக்டர் பின்பக்கமாகச் சுற்றி ஓடிவந்து, உச்சி வெயிலில், படிக்கட்டிலேயே பிரசவம் பார்த்தார். பிறந்தது பழனி. மறுநாளே கொத்தனாரை வரவழைத்து, கட்டிலும் அதன் இருபுறமும் ஆட்களும் ஒன்றாக நுழைகிற அளவுக்குச் சுவரை இடித்தார் டாக்டர். சுண்ணாம்பு காயாத புதுச் சுவரை! இப்படியும் ஒரு மனிதரா என்று இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

"அம்மாம் பெரிய வாசலு, என்னாலதாங்க வந்துச்சி" என்று சொல்லும்போது பழனியின் குரல் தாழ்ந்துவிடும்.

இப்போது அங்கே வைத்தியம் பார்ப்பவர் பெரிய டாக்டரின் பேத்தி சிவசங்கரி. போன வாரம் பழனியைக் கூப்பிட்டனுப்பினார். ஏசி போட வேண்டுமாம். குளிர் வெளியே போகாதபடி வாசலைப் பாதியாக அடைத்துக் கண்ணாடிக் கதவு வைக்க வேண்டுமாம். எஞ்சினியர் தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தார். புது நிலை செய்ய வேண்டியவர் பழனியேதான்.

அன்று அவர் கைகளை விரிக்காமல் உள்ளே வந்தார். கோட்டின் முன் குந்தியவர் வெகுநேரம் எழவில்லை.

"என்னண்ணே, யோசிச்சிகினே இருக்கீங்க? இப்பல்லாம் ஸ்ட்ரெச்சர்தானே. தாராளமா நுழையும்" என்றார் சிவசங்கரி.

"அது நுழையுங்க, டாக்டரம்மா. கைய புடிச்சிகினு கூடவே வராங்களே, அவங்க எப்படி நுழைவாங்க?"

அப்போது ஒருவர் தன் மனைவியைத் தோளில் தாங்கிப் படியேறி வந்தார். மறுபக்கம் அந்தப் பெண்ணின் அம்மா. மூன்று பேரும் பிடியை விடாமல் ஒரே வரிசையில் உள்ளே வந்தார்கள்.

"ஏசி வேணாம்ணே. நாலு ஃபேன் போட்டுக்கலாம்" என்றார் சிவசங்கரி.

பழனி எழுந்து வெளியே போய், தான் பிறந்த படிக்கட்டில் ஒரு கணம் நின்றார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, சாக்பீஸ் கோட்டை மிதித்தபடி, மறுபடியும் உள்ளே வந்தார்.