பந்து எடுக்கப் போன ஃபுல் பேக்

போன வாரம் மூன்று நாள் ஏற்காட்டில் இருந்தேன். ஓய்வுக்காக அல்ல. ஹாக்கி ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்வதற்காக.

சிரிக்க வேண்டாம். எனக்கு ஹாக்கி தெரியாதுதான். ஆனால் இதே பத்தியில் முன்பொரு முறை, குடைக்காம்பை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு பேர் ஒரு பந்தை விரட்டுகிறார்கள் என்று ஹாக்கியைக் கேலி செய்து எழுதியிருந்தேன். எங்கள் கம்பெனி ஜெனரல் மேனேஜர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, எனக்கு ஹாக்கியில் ஈடுபாடு என்று முடிவு கட்டிவிட்டார். சரி, மெட்ராஸ் கம்பெனிக்கு ஏற்காட்டில் எதற்கு ட்ரையல்ஸ்? மே மாதத்தில் மேனேஜரின் குடும்பம் வேறு எங்கே போகும்?

கம்பெனி டீமுக்கு மூன்று பேர் தேவை. தேறினால் கிளார்க் உத்தியோகம், மாலையில் ஆட்டம். ஆனால் நல்ல ஆட்டக்காரர்களைக் கடைசிப் பரீட்சைக்கு முன்பே பாங்குகளும் ரயில்வேயும் அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. யூனிவர்சிட்டி டீமிலும் இடம் கிடைக்காமல், ஒருவரும் கூப்பிடாமல், டிகிரியும் மட்டையுமாக நிற்பவர்கள்தான் நமக்கு மிச்சம்.

இந்த மிச்சத்தில் இரண்டு ரகம் உண்டு. எல்லோரும் பார்த்து வேண்டாம் என்று விட்டவன் ஒருவன். யாருமே பார்க்காதவன் இன்னொருவன். சிக்கல் என்னவென்றால், மைதானத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள்.

எங்கள் கோச் வரதராஜன் தன் காலத்தில் பெரிய கோல் கீப்பர். அதிகம் பேச மாட்டார். நான் பேசுவேன், அதனால் மார்க் ஷீட் என் பொறுப்பு. உள்ளூர்ப் பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து, வேகம், அடி, மட்டைக் கட்டுப்பாடு என்று கட்டம் போட்டு, பத்துக்கு இத்தனை என்று எழுதிக்கொண்டிருந்தேன். கட்டம் போட்டுவிட்டால் விஷயம் தெரிந்த மாதிரி ஒரு தோரணை வந்துவிடுகிறது.

முதல் இரண்டு இடங்கள் சண்டையில்லாமல் நிரம்பின. மூன்றாவதற்கு இரண்டு பேர். ஒருவன் சுரேஷ், மெட்ராஸ் பையன். பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொள்ளும், தலைமுடியும் கலையாது. மற்றவன் இன்னாசி. பக்கத்துத் தலைச்சோலைக்காரன், அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், சேலத்தில் பி.ஏ. வேலைக்கான வயது வரம்பைத் தாண்ட நான்கு மாதம் பாக்கி. இதை விட்டால் அவனுக்கு ஹாக்கியில் வேறு வேலை கிடையாது.

இன்னாசி ஃபுல் பேக், கோலுக்கு முன்னால் காவல். எந்தப் பந்து வந்தாலும் நிறுத்துவான். நிறுத்தி, நாலடி தள்ளி நிற்பவனிடம் பத்திரமாகத் தள்ளுவான், பால் பாத்திரத்தை நகர்த்துவது போல. இரண்டு நாளும் ஒரு பந்தைக்கூட ஓங்கி அடிக்கவில்லை. ‘அடி: பத்துக்கு இரண்டு. பயந்த சுபாவம்’ என்று எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை கடைசி மேட்ச். கோல் சமம். இன்னாசி பக்கத்துக்கு ஒரு ஃப்ரீ ஹிட் கிடைத்தது. அவன் வழக்கம்போல நாலடி தள்ளி ஆள் தேடினான். வரதராஜன் பொறுமை இழந்தார்.

“தம்பி, உனக்கு அடிக்கத் தெரியுமா, தெரியாதா?”

அடித்தான்.

சில்வர் ஓக் கிளை முறிந்த மாதிரி சத்தம். பந்து மைதானம் முழுக்க ஓடி, எதிர் கோலுக்குப் பக்கவாட்டில் எல்லையைத் தாண்டி, காப்பித் தோட்டச் சரிவில் காணாமல் போனது.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். இன்னாசி மட்டையைக் கீழே வைத்தான். மைதானத்தைக் குறுக்கே கடந்தான். சரிவில் இறங்கிவிட்டான்.

“எங்க போறான் அவன்?” என்றார் கோச்.

“பந்து எடுக்கறதுக்குங்க” என்றான் பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பையன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

எங்களிடம் ஒரு பெட்டி நிறையப் பந்து இருந்தது. அம்பயர் வேறொன்றை உருட்டினார். ஃபுல் பேக் இல்லாத வழியாக, எதிர்ப்பக்கம் ஆடிய சுரேஷ் தலைமுடி கலையாமல் போய் கோல் போட்டான். மேட்ச் முடிந்தது. நான் பேனாவை மூடினேன்.

அதற்குப் பிறகுதான் இன்னாசி மேலே ஏறி வந்தான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. கையில் இரண்டு பந்து.

“ஒண்ணு நம்மளுதுங்க சார். இன்னொண்ணு இந்தப் பள்ளிக்கூடத்துப் பசங்களுதாட்ட இருக்குதுங்க. கூடவே கெடந்துச்சு.”

“மேட்ச் நடக்கும்போது எதுக்குய்யா போன?” என்றேன்.

“அடிச்சவன்தானுங்களே எறங்கோணும்?” நிஜமாகவே குழம்பிப்போய்ப் பார்த்தான். “எங்கூர்ல மூணு பக்கமும் சரிவுங்க. இருக்கறது ஒரே பந்து. அது வர்ற வரைக்கும் ஒருத்தனும் ஆட மாட்டானுங்க. அதான் யாரும் ஓங்கி அடிக்கறதில்லீங்க.”

“காலேஜ் கிரவுண்டு சமதரைதானே?”

“சமதரைதானுங்க. கோலுக்குப் பின்னால கெணறு.”

வரதராஜன் குறுக்கே வந்தார். “பந்து எங்க கிடந்தது?”

“தண்ணி பைப்புக்கு அந்தாண்டைங்க.”

அவர் விளிம்பு வரை போய்க் கீழே பார்த்தார். பைப் வெகு தூரத்தில் தெரிந்தது. திரும்பி வந்து, “சார், ஷீட்ல அந்த ரெண்டு மார்க்கை அடிங்க” என்றார்.

“சரிவு. உருண்டிருக்கும்” என்றேன். எழுதியதை அடிக்க எந்த எழுத்தாளனுக்கு மனசு வரும்?

“காப்பிச் செடிக்குள்ள எந்தப் பந்து சார் உருளும்?”

அடித்தேன்.

மேனேஜர் ஏரியில், படகில் இருந்தார். கரையில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி: “ஆட்டத்தை விட்டுட்டுப் போனவனை எடுக்கச் சொல்றீங்களா?”

“கோல் விழுந்ததுக்கு அவன்தான் காரணம் சார்” என்று ஒப்புக்கொண்டேன். “ஆனா மூணு நாள் அவனைப் பார்த்துட்டு, ஒண்ணும் பார்க்காம இருந்தது நான்.”

“பந்து கிடைச்சுதா?”

“ரெண்டா கிடைச்சுது சார்” என்றார் வரதராஜன்.

படகு கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தது.

“டீமுக்கு எடுங்க. வேலையை ஸ்டோர்ஸ்ல போடுங்க. அங்கேயிருந்து போன சாமான் எதுவும் திரும்பி வந்ததா சரித்திரமே இல்லை.”

சுரேஷைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, தலைமுடியும் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் இன்னாசியைப் பார்த்துச் சொன்னேன். துள்ளவில்லை. கண் மட்டும் லேசாகக் கலங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு சந்தேகம் கேட்டான்.

“ஏனுங்க சார், மெட்ராஸ் கிரவுண்டைச் சுத்தி என்னங்க இருக்குது?”

“சுவர். நாலு பக்கமும்.”

யோசித்தான். மெல்ல முகம் மலர்ந்தது.

“அப்ப நல்லாவே அடிக்கலாமுங்க.”

பழைய சுவர். அதற்காகத்தான் இப்போது எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.