நின்றுபோகாத வினை

எழுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது.

மீள் வினைப் பாடம். ஃபெரிக் குளோரைடு கரைசலில் தயோசயனேட்டைச் சொட்டவிட்டேன், ரத்தச் சிவப்பானது. "பாத்தீங்களா, இதுக்கு மேல நிறம் மாறலை. சமநிலை வந்திருச்சு. அதாவது, வினை நின்னுபோச்சு" என்றேன்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள். "நின்னுபோச்சுன்னா, புத்தகத்துல ரெண்டு பக்கமும் அம்புக்குறி எதுக்கு டீச்சர் போட்டிருக்கு?"

என் கண் கடைசி பெஞ்சுக்குப் போனது. "அதிகப்பிரசங்கி! உக்காருடி" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். போகும்போது இன்ஸ்பெக்டர், வகுப்பை நன்றாகக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதாக என்னைப் பாராட்டினார்.

சாயங்காலம் என் கல்லூரி நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: சமநிலையில் வினை நிற்பதில்லை, முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்கும்.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பள்ளி விட்டதும் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா பதறிப்போய் வந்தார். "படிப்பே வேணாங்கிறா டீச்சர். உங்கள எதுவும் மரியாதையில்லாமப் பேசிட்டாளா?"

"இல்லம்மா. அவ கேட்டதுதான் சரி. நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

ராட்டை நின்றது. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மகளிடம் அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் ஏதோ மெல்லச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப இன்னமும் உள்ள நடந்துக்கிட்டேதான் இருக்குதா டீச்சர்? வெளியில ஒண்ணுமே தெரியலையே?"

"நாளைக்கு வா. நீயே செஞ்சு பாரு" என்றேன்.

வந்தாள். முதலில் வகுப்பு முன்னால் என் தப்பைச் சொன்னேன். பிறகு அவளே நவச்சார உப்புக் கரைசலை ஊற்றினாள், வினை பின்னோக்கி நகர்ந்து சிவப்பு வெளுத்தது. தயோசயனேட்டை விட்டாள், முன்னோக்கி நகர்ந்து மறுபடி சிவந்தது. சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அதன்பிறகு முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். எந்தப் பிள்ளை கேள்வி கேட்க எழுந்தாலும், உட்காரச் சொல்ல எனக்கு மனசு வந்ததே இல்லை.