மருதப்பனின் திருநீற்று டப்பா

மருதப்பனைக் கல்லுளிமங்கன் என்றுதான் செம்பவாங் கடற்படைத் தளத்தில் சொல்வார்கள். கிள்ளினாலும் முகம் மாறாது. ஊரிலிருந்து கப்பலேறி வந்து முதலில் சுண்ணாம்பு அடித்தான், பிறகு சாக்கடை அள்ளினான். ஐம்பத்தெட்டாம் வருஷம் கருவிப் பட்டறையில் துடைக்கிற வேலை கிடைத்தது. சுண்ணாம்புக்கு இது தேவலை என்று சேர்ந்துவிட்டான்.

கப்பல் திசைகாட்டிகளில் இருட்டில் பச்சையாக ஒளிரும் ரேடியம் பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுகிற பட்டறை அது. சுரண்டிய தூள் மேசை, சன்னல், தரை எல்லாவற்றிலும் படியும். கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று இருந்த ஒரு பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதுதான் டிக் டிக்கென்று கத்தும். ஈரத்துணியால் வெளியிலிருந்து உள்நோக்கி ஒரே இழுப்பு, துணியை மடித்துத் தூர எறி, வேறு துணி எடு. பெட்டி அடங்கும் வரை இதுதான் வேலை. உள்ளே போனால் எலும்பைத் தின்னும் விஷம் என்று மேஸ்திரி ஹனீபா முதல் நாளே சொல்லியிருந்தார். மருதப்பன் தலையாட்டினான். கொஞ்ச நாள் பயம் இருந்தது. பிறகு அதுவும் மரத்துப்போனது.

வீட்டில் மனைவி லீலா, மூன்று வயது மகள் செண்பகம். மூத்த பையன் காய்ச்சலில் போனபோது மருதப்பன் அழவில்லை, மறுநாளே வேலைக்குப் போனான். நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று மைத்துனன் கேட்டதையும் காதில் வாங்காமல் சட்டையை மாட்டினான். ஆனால் செண்பகமும் அடிக்கடி சுகமில்லாமல் படுத்தபோது, தேக்காவுக்கு பஸ் ஏறிப்போய்க் காளி கோயில் திருநீற்றை ஒரு தகர டப்பாவில் கொண்டுவந்தான். டப்பா அவன் சட்டைப் பையிலேயே இருக்கும். பட்டறைப் புழுக்கத்தில் நெற்றி வேர்த்து வழிந்தால், கையுறையைக் கழற்றிய அதே விரலால் தொட்டு ஒரு கீற்று இழுத்துக்கொள்வான். சாயங்காலம் கையைத் தேய்த்துக் கழுவி, பெட்டியிடம் நீட்டிக் காட்டிவிட்டு வீட்டுக்கு வருவான். வந்ததும் அதே டப்பாவைத் திறந்து மகளுக்கும் வைப்பான். கையைக் கழுவத் தெரிந்த மகானுக்கு டப்பாவின் நினைப்பே வரவில்லை.

ஒரு சனிக்கிழமை ஹனீபா பெட்டியோடு கடந்து போகையில், ஆணியில் தொங்கிய மருதப்பனின் சட்டைக்கு நேரே அது கத்தியது.

"பையில என்னடா?"

"துன்னூறு, பாய்."

டப்பாவைத் திறந்ததும் பெட்டி ஓயாமல் கத்தியது.

"வேற யாருக்காச்சும் பூசினியா?"

"பாப்பாவுக்கு. போன வருஷத்திலேர்ந்து."

ஹனீபா பெட்டியை மழைக்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு அவனோடு லைன் வீட்டுக்கு வந்தார். லீலா பிள்ளையைத் தூக்கிவந்தாள். நெற்றிக்கு நேரே பெட்டி கத்தியது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் லீலா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மருதப்பனுக்கு உள்ளே எதுவுமே எழவில்லை. துணியை நனைத்தான். இழுத்தான், மடித்தான், எறிந்தான், வேறு துணி எடுத்தான். மேசையைத் துடைப்பது போலவே மகளைத் துடைத்தான். பெட்டி மெல்ல மெல்ல அடங்கியது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு லா," என்று ஹனீபா பெருமூச்சு விட்டார்.

செண்பகம் அப்பாவின் விரலைப் பார்த்து வாயை அகலத் திறந்தாள்.

"ஏன் வாயத் தொறக்குது?"

"நெத்தியில வச்சதும் வாயில ஒரு சிட்டிகை போடுவேன், பாய். தினமும்."

பிள்ளை வாயை மூடாமல் காத்திருந்தது.