அஞ்சுக்கு ஒண்ணு

குரங்கணிப் பக்கம் ஏலக்காய் ஸ்டோர் வைத்திருக்கும் எவரையும் நிறுத்தி, எத்தனை கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ காய்ந்த காய் கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "அஞ்சுக்கு ஒண்ணு" என்பார். அடுத்தவரும் அதையேதான் சொல்வார். ஸ்டோர் என்பது காய் உலர்த்தும் கட்டடம். உண்மையான விகிதம் ஒவ்வொரு ஸ்டோருக்கும் வேறு. அதை வெளியே சொன்னால் காயின் தரமும் உலர்த்துகிறவன் லட்சணமும் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் யார் கேட்டாலும் அஞ்சுதான்.

அப்படிப்பட்ட பதினான்கு பேரிடம் உண்மையான எண்ணைக் கேட்டு வாங்கியவள் ஷெர்லின். எங்கள் ஏலக்காய் விவசாயிகள் குழுவுக்கு அவளைக் கூட்டிவந்தது செயலாளராகிய நான், பெயர் பெத்துராஜ்.

ஷெர்லின், போடி பஜாரில் மசாலாச் சாமான் கடை வைத்திருக்கும் சாராளின் மகள். புள்ளியியல் படித்தவள். சென்னையில் மருந்துச் சோதனை செய்யும் கம்பெனி ஒன்றில் மூன்று வருஷம் எண்களோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். கடை மாடியில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப். கீழே மிளகாய் வற்றல் மூட்டையை அவிழ்த்தால் மேலே தும்மல் கேட்கும். தும்மிக்கொண்டே வேலை பார்ப்பதில் என்ன சுகமோ, முகம் மட்டும் எப்போதும் சிரித்தபடியே இருக்கும்.

நாங்கள் கேட்டது ஒன்றுதான். ஒரு எடுப்பில், அதாவது ஒரு சுற்றுக் காய் பறிப்பில், இன்னின்னார் ஸ்டோருக்கு இத்தனை கிலோ பச்சைக் காய் போயிருக்கிறது என்று கொடுத்தால், மொத்தம் எத்தனை கிலோ காய்ந்தது வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அப்போதுதான் மலையிலிருந்து மூட்டைகளை இறக்க எத்தனை ஜீப்பு வேண்டும் என்று சொல்லிவைக்க முடியும். அவள் 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளில் அதற்கென்று ஒரு பேக்கேஜ், கணக்குப் பொட்டலம் மாதிரி, எழுதினாள். பதினான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டில் எண்ணை எழுதி, மடித்துக் கொடுத்தோம்.

"யாரும் பாக்க முடியாதுல்ல ஆத்தா?" என்று நான் நாலு தடவை கேட்டேன்.

"பேக்கேஜுக்குள்ள இருக்கிற கணக்குக்கு மட்டும் தெரியும் மாமா. வெளிய இருந்து பாத்தா அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. பிரைவேட் வேரியபிள்னு பேரு."

மூன்று எடுப்பு போயிற்று. மூன்றிலும் அவள் சொன்ன எடை ஒத்துவரவில்லை. ஒரு தடவை ஜீப்பு பாதி காலியாக இறங்கியது, மறு தடவை மூட்டை மிஞ்சிப் போனது. மழை ஈரம் என்றாள். "மழை பேஞ்சா நமக்குத் தெரியாதா? இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு?" என்று எங்கள் குழுவில் உக்கிரபாண்டி ஆரம்பித்தார். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதர். அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவளை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுப்பதாக ஆயிற்று. பழைய சென்னைக் கம்பெனியும் அவளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. அவர்களுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"எனக்குப் போக இஷ்டமே இல்ல மாமா" என்றாள். சிரிக்காமல் அவள் பேசி அன்றுதான் பார்த்தேன்.

புதன்கிழமை குரங்கணிக்கு ஜீப்பில் வந்து, குழு அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்தப் பேக்கேஜை முதல்முறையாக ஏற்றி ஓடவிட்டாள். விகிதம் என்ற பெயரில் எதுவுமே இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. அதே பேக்கேஜ் அவள் லேப்டாப்பில் நன்றாக ஓடியது.

"இங்க இல்லாதது எப்படி அங்க மட்டும் இருக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். லேப்டாப்பில் பழைய ஞாபகம் எதையும் ஏற்றாமல் ஆரைப் புதிதாகத் திறந்தாள். அங்கேயும் அதே சிவப்பு எழுத்து. வழக்கம்போலத் திறந்து, பேக்கேஜுக்கு வெளியே நின்று 'விகிதம்' என்று மட்டும் அடித்தாள். 5 என்று வந்தது.

நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். ரகசியம் வெளியே போய்விடக் கூடாதே என்ற பயத்தில், பேக்கேஜைக் கட்டும்போது விட்டுவிட வேண்டிய கோப்புகளின் பட்டியலில் எங்கள் எண்கள் இருந்த கோப்பையும் சேர்த்துவிட்டாள். அது பேக்கேஜுக்குள் போகவே இல்லை. கணக்கு உள்ளே தேடியது, கிடைக்கவில்லை, வெளியே வந்து தேடியது. வெளியே, ஆரம்பத்தில் சோதனைக்காக அவள் அடித்துப் பார்த்த ஒரு எண் கிடந்தது. போடிக்காரி அல்லவா, யோசிக்காமல் கைக்கு வந்த எண் அஞ்சு. லேப்டாப் அதைப் பத்திரமாக ஞாபகம் வைத்திருந்து, பதினான்கு பேருக்கும் அதையே போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறது.

"அப்ப ஊரே சொல்ற பொய்யைத்தான் அதுவும் மூணு எடுப்பா சொல்லிருக்கு" என்றேன்.

வியாழக்கிழமை கோப்பை உள்ளே வைத்துக் கட்டினாள். வெளியே கிடந்த அஞ்சை அழித்தாள். என்னைக் கடை மாடிக்குக் கூப்பிட்டு, போன எடுப்பின் பச்சை எடையைக் கொடுத்து, ஒவ்வொரு ஸ்டோரிலும் உண்மையில் இறங்கிய எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கிலோ சுத்தமாக ஒத்துப்போனது. பதின்மூன்று பேருக்கு.

"ஒண்ணு மட்டும் இடிக்குது மாமா."

"யாருது?"

திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு என்னையே பார்த்தாள். கீழே மிளகாய் மூட்டையை அவிழ்த்திருக்க வேண்டும், இரண்டு பேரும் தும்மினோம்.

சீட்டில் நான் எழுதிக் கொடுத்தது அஞ்சு. இந்தப் பெண்ணைக் கூட்டிவந்தவன், ரகசியம் காப்பாயா என்று நாலு தடவை கேட்டவன், அவளிடமே பொய் எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குனிந்து அவள் காதருகில் உண்மையான எண்ணைச் சொன்னேன். தலை நிமிராமல் தட்டிக்கொண்டாள். அதுவும் ஒத்துப்போனது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒப்பிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு உக்கிரபாண்டி கேட்டார். "இப்ப பதினாலும் சரியா வருதே, இத்தன நாளா ஏன் தப்பா வந்துச்சு?"

"என் தப்புதான் அண்ணே. உள்ள வைக்க வேண்டியதை வெளிய விட்டுட்டேன்" என்றாள். என் பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை. எழுந்து சொல்லியிருக்க வேண்டியவன் நான். டீ கிளாசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கை தூக்கியது உக்கிரபாண்டிதான். பிறகு எல்லோரும் தூக்கினார்கள். அவள் வெளியே போய் சென்னைக்குப் போன் போட்டாள். "இல்ல சார், நான் வரல" என்று சொன்னது உள்ளே இருந்த எங்களுக்கும் கேட்டது.

அன்று எழுந்து சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன். குழுவில் யாராவது படித்தால் படிக்கட்டும். ஆனால் எங்கள் ஸ்டோரில் எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் என்னிடம் வந்து கேட்க வேண்டாம். கேட்டால், அஞ்சுக்கு ஒண்ணு.