பிரியாத பால்

லேத்துக்காரருக்குப் பேச்சென்றால் அளந்துதான் வரும். பட்டறையில் இரும்புத் துண்டை மெஷினில் மாட்டினால், அதைக் கடைந்து முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டார். வீட்டில் அந்தக் கவலையே இல்லை. அவர் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற அத்தனை பேரையும் விசாரிப்பாள். தையல்காரம்மா வாய்க்கு நூலே தீராது என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

பின்பக்கம் ஒரு ஆடு உண்டு. பெயர் மேனேஜர். கூப்பிட்டால் வராது, கூப்பிடாதபோது வந்து நிற்கும், கையில் இருப்பதை ஒருமுறை மென்று பார்க்காமல் போகாது; அதனால் லேத்துக்காரர் வைத்த பெயர். வாழ்நாளில் அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். குட்டிகள் குடித்தது போக ஒரு டம்ளர் பால் மிஞ்சும்.

"ஒரு டம்ளர் பாலுக்கு ஒரு ஆடா மாமா? வித்துத் தொலைங்க" என்பான் அவளுடைய தம்பி.

அந்த ஒரு டம்ளரை அவள் துணி வெட்டுவதுபோல வெட்டுவாள். இரண்டு பேர் டீக்குப் பாதி, மாவு பிசைய ஒரு கரண்டி, மசித்த உருளைக்கிழங்கில் ஒரு கரண்டி. பாத்திரத்தில் ஒட்டிய பாலேட்டை வழித்து ரொட்டியில் தடவி அவர் தட்டில் வைப்பாள். துணுக்குகூட வீணாகாது.

அப்படிப்பட்டவளின் வாய் ஒரு நாள் காலையில் கோணிக்கொண்டது. வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது, அவளிடம் மிஞ்சியிருந்தவை சில சொற்கள்தான். அவையும் தையல் சொற்கள். பசித்தால் "பாபின்" என்பாள். வலித்தால் "ஊசி". லேத்துக்காரர் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டார்.

விழுங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. தண்ணீரோ டீயோ பாலோ, எது கொடுத்தாலும் புரையேறியது.

"தண்ணியா எதுவும் கொடுக்காதீங்க, நுரையீரலுக்குப் போயிடும்" என்றார் டாக்டரம்மா. "கெட்டியா, வழுவழுன்னு இருக்கணும். அடுத்த தடவை வரும்போதும் எடை இறங்கியிருந்தா, மூக்குல மறுபடி குழாய் போட வேண்டியதுதான்."

அதைக் கேட்டதும் அவள் இடது கையால் அவர் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அந்தக் குழாயை அவள் பிடுங்கிப் போட, கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். மூன்றாம் மனுஷர்போல அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருமுறை பார்க்கத் தெம்பில்லை.

லேத்துக்காரர் சமையலறைக்குள் நுழைந்தார். காய்கறியை மசித்தார், பழத்தைக் கரைத்தார், பாலில் சோளமாவைப் போட்டுக் காய்ச்சினார். நாக்கால் தள்ளிவிட்டு அவள் சொன்னது ஒரே சொல்: "பசை." காலருக்குத் தடவுகிற பசையைச் சொன்னாள். தின்று பார்த்தார். பொய் சொல்லவில்லை. நாளுக்கு நாள் அவள் ரவிக்கை தொளதொளத்தது.

அன்றைக்கு அவர் தனக்காக இஞ்சி டீ போட நினைத்தார். இஞ்சியைத் தட்டி, சாற்றை ஒரு டம்ளரில் பிழிந்து வைத்தார். பக்கத்தில் அவளுக்கான காலி டம்ளர். பால் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கினார். அந்த நேரம் பார்த்து முன்னறையில் தடதடவென்று சத்தம். மேனேஜர் உள்ளே புகுந்து யாரோ தைக்கக் கொடுத்த பாவாடையை இழுத்துக்கொண்டிருந்தது. பதறிப்போய், கையிலிருந்த பாலைக் கண்ணில் பட்ட டம்ளரில் ஊற்றிவிட்டு ஓடினார்.

பாவாடையை மீட்டு, வாய் வலிக்க மேனேஜரைத் திட்டிவிட்டு வந்து டம்ளரைச் சாய்த்தால் பால் அசையவில்லை. இஞ்சிச் சாற்றில் ஊற்றித் தொலைத்தது அப்போதுதான் புரிந்தது.

"போச்சு. இருந்த ஒரு டம்ளரும் திரிஞ்சு போச்சு." தலையில் அடித்துக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் திரும்பினார்.

சமையலறை வாசலில் நாற்காலியில் இருந்தவள் கையை நீட்டினாள். டம்ளரை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். வாங்கிய துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அதே பார்வை.

"பிரியல" என்றாள்.

தையல் பிரியவில்லை என்று சொல்கிற அதே சொல். குனிந்து பார்த்தார். உண்மைதான். திரிந்த பால் தண்ணீர் வேறு கட்டி வேறாக நிற்கும். இது ஒரே துணியாக, சுருக்கமில்லாமல் இருந்தது.

பயந்து பயந்து ஸ்பூன் முனையில் கொஞ்சம் எடுத்து அவள் வாயில் வைத்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இருமல் வருமென்று முதுகில் கை வைத்துக் காத்திருந்தார். வரவில்லை. வாய் மறுபடி திறந்தது.

மறுநாள் பால் கொதித்துவிட்டது, உறையவில்லை. அதற்கடுத்த நாள் இஞ்சியை வெகுநேரம் முன்பே பிழிந்து வைத்துக் கெடுத்தார். மயிரிழை பிசகாமல் இரும்பு கடைகிறவருக்கு இது பிடிபடாமல் போகுமா? பிடிபட்டது. டாக்டரம்மாவும் ஒரு வாய் அவள் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அது உள்ளே போன தைரியத்தில், முன்பு தள்ளிய மசித்த காய்க்கும் அவள் வாய் திறந்தாள். எடை பார்த்த அன்று முள் ஒரு கோடு ஏறியே நின்றது.

"குழாய் வேண்டாங்க" என்றார் டாக்டரம்மா. லேத்துக்காரர் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மேனேஜரையும் கும்பிட்டார். அது அவர் சட்டைப் பொத்தானை மென்றது.

அன்று பாலை உறைய வைத்து ஊட்ட உட்கார்ந்தார். பாதி டம்ளரில் அவள் வாயை மூடிக்கொண்டாள். பதறிவிட்டார்.

"என்னாச்சு? காரமா இருக்கா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். இடது கையால் டம்ளரை அவர் பக்கம் தள்ளினாள். உதடு நெடுநேரம் தேடியது. பாபினும் இல்லை, ஊசியும் இல்லை.

"உங்க... பாதி" என்றாள்.

அவள் விழுந்த நாளிலிருந்து அவருக்கென்று யாரும் ஒரு வாய் எடுத்து வைத்ததில்லை. அவரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. ஸ்பூனால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். கண் கலங்கி, மூக்கும் ஒழுகியது.

"இஞ்சி கொஞ்சம் அதிகம்" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோணிய வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. சிரிக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.