பேய்ப் படம் பாதியில் நின்ற சனிக்கிழமை

அன்று ஹாலோவீன் அல்ல, அதற்கு முந்தைய சனிக்கிழமை. பிள்ளைகள் இப்போது அதை ஹாலோவீன் என்றே சொல்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன், அவர்கள் ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறார்கள்.

என் தங்கை மகளுக்கு எட்டு வயது. அவளுடைய ஆங்கில டியூஷன் ஆசிரியை, வீட்டில் ஒரு பேய்ப் படம் பார்த்து, அதில் வரும் பேயை வரைந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார். சின்னப் பிள்ளைகள் பார்க்கக்கூடிய படம் எது என்று தேட வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. வயது வரம்பு போட்டிருப்பதை நம்பாமல் நானே ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. அந்தப் படங்களில் பேய்கள் நல்லவை. எலும்புக்கூடு பாட்டுப் பாடும், சூனியக்காரி பூனைக்குப் பால் ஊற்றுவாள். ஆனால் கதையில் வரும் பிள்ளைக்கு அநேகமாக அம்மா இருக்கமாட்டாள். அம்மா இறந்துபோனதிலிருந்துதான் கதையே தொடங்கும்.

எனக்கு அதுதான் பயம். என் தங்கை அந்த ஆண்டு பர்மியரின் வாஸோ பௌர்ணமி கழிந்து ஆடி பிறந்த வாரத்தில் காய்ச்சலில் இறந்தாள். அன்றிலிருந்து அவள் மகள் 'அம்மா' என்ற சொல்லையே சொல்லவில்லை. சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள், சிரிக்கவும் செய்தாள். அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. அவள் அப்பாவுக்கு ரங்கூன் ஓரத்து லைங் தாயாவில் ஆடைத் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமையும் விடுப்பு கிடையாது. முன்பும் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஆகவே அவளைப் பார்த்துக்கொள்வது இயல்பாகவே என்னிடம் வந்தது. ஏதோ ஒரு கார்ட்டூன் அவளை உடைத்துவிட்டால் ஒட்டவைக்க எனக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு படம் கிடைத்தது. கலங்கரை விளக்கத்தில் தனியாக வசிக்கும் குட்டிப் பேய், மனிதர்களைக் கண்டால் நடுங்கும். அந்தக் கதையில் யாருக்கும் அம்மா இல்லை, இறந்துபோன அம்மாவும் இல்லை.

நகரில் மின்சாரம் முறைவைத்துத்தான் வரும், சனிக்கிழமை மதியம் எங்கள் பக்கத்து முறை. கீழ் வீட்டு பர்மியச் சிறுமியும் அவள் தம்பியும், எதிர் வீட்டுத் தமிழ்ப் பையனும் வந்தார்கள். தாடிங்யூட் பண்டிகை விளக்குகள் அணைந்து மழை ஓய்ந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் அன்று சாரல் உள்ளே அடித்தது. ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டதும் வீடு இருட்டிக்கொண்டது.

"இது என்னா தஸே? நம்ம தெரு நாயே இதைவிட பயங்கரம்," என்றான் எதிர் வீட்டுப் பையன். பேயை இங்கே எல்லாப் பிள்ளைகளும் தஸே என்றுதான் சொல்கிறார்கள், மின்சாரத்தை மீ என்று.

"அப்ப ஏன் தலகாணிக்குப் பின்னாடி ஒளியிற?" என்றாள் என் தங்கை மகள்.

"குளுருது."

"வேர்த்து ஊத்துது, குளுருதாம்!"

கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில் யாரோ ஏறிவருகிறார்கள். குட்டிப் பேய் மூச்சை அடக்குகிறது. கதவின் கைப்பிடி மெல்லத் திரும்புகிறது. அந்த இடத்தில் மின்சாரம் போயிற்று.

முறை முடிய இன்னும் நேரம் இருந்தது, ஆனாலும் போயிற்று. மின்விசிறியின் இரைச்சல் அடங்கியதும் மழைச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. புழுக்கம் உடனே ஏறியது. நான் மெழுகுவர்த்தி எடுக்கச் சமையலறைக்குப் போனேன். போகும்போது எதிர் வீட்டுப் பையனிடம், "அலமாரி மேல விசிறி இருக்கும், எட்டி எடுத்து எல்லாருக்கும் குடுப்பா," என்றேன்.

ரங்கூனில் எந்த வீட்டிலும் காகித விசிறிகள் இருக்கும். சாவு வீட்டுக்குப் போனால் ஆளுக்கு ஒன்று தருவார்கள். இறந்தவர் பெயரும் நிலையாமை பற்றிய வாசகமும் அச்சிட்டிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, மின்சாரம் இல்லாதபோது வீசிக்கொள்வோம். யாருடைய விசிறி என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. அலமாரி மேல் இருந்தவை எங்கள் வீட்டுச் சாவில் மிஞ்சியவை. பர்மியர் வழக்கப்படி விசிறி அச்சடித்தோம். தமிழர் வழக்கப்படி அதில் இறந்தவளின் படத்தையும் போட்டோம்.

மெழுகுவர்த்தியோடு திரும்பியபோது, இருட்டில் என் தங்கையின் முகம் நான்கு இடங்களில் அசைந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டால் தெரிந்தது, திரும்பினால் மறைந்தது. ஒரு முகம் அவள் மகளின் கையிலேயே இருந்தது.

பிடுங்கிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் கீழ் வீட்டுக் குட்டிப் பையன் விசிறியை மெழுகுவர்த்திப் பக்கம் திருப்பி, பர்மியத்தில் கேட்டான்: "இந்த ஆன்ட்டி யாரு?"

 தங்கை மகள் தன் கையிலிருந்த விசிறியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனுடையதைப் பார்த்தாள்.

"எங்க அம்மா," என்றாள். "அவ்வளவு வேகமா வீசாதே. அம்மாவுக்குத் தல சுத்தும்."

அவன் கை உடனே தணிந்தது. மற்றவர்களும் வேகத்தைக் குறைத்தார்கள். நால்வரும் கோயிலில் சாமரம் போடுவதுபோல மெல்ல மெல்ல வீசினார்கள். மெழுகுவர்த்திச் சுடர் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"ஆன்ட்டி, காத்து ஜில்லுனு வருது," என்றான் எதிர் வீட்டுப் பையன். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை.

"எங்க அம்மாவுக்கு இருட்டு ஆகாது," என்றாள் அவள். "குளிக்கிறப்ப மீ போயிருச்சுன்னா உள்ளேருந்து கூப்பிடும். இருக்கியான்னு கேக்கும். நான் இஞ்சதான் இருக்கேன்னு சொல்லணும். சொல்லாட்டி அழுவும்."

நான்கு தலைகளும் குளியலறைக் கதவுப் பக்கம் திரும்பின. அது சும்மா சாத்தியிருந்தது. உள்ளே வாளியில் தண்ணீர் சொட்டும் ஓசை கேட்டது. சற்று நின்றது. மறுபடி சொட்டியது.

அவள் எழுந்து போனாள். கதவில் கன்னத்தை ஒட்டிவைத்து, "இஞ்சதான் இருக்கேம்மா," என்றாள். கீழ் வீட்டுச் சிறுமி தம்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நிறையப் பேய்க்கதை படித்தவள் நான். என் கைகளில் மயிர் சிலிர்த்தது.

தெருவெங்கும் பிள்ளைகள் "மீ லா ப்யீ!" என்று கத்தியபோதுதான் மின்சாரம் வந்தது தெரிந்தது. படத்தைத் தொடர யாரும் கேட்கவில்லை. அவள் நான்கு விசிறிகளையும் வாங்கி அடுக்கினாள்.

"எங்க வைக்கட்டும்?" என்றேன்.

"மேல வைக்காதீங்க பெரியம்மா. எனக்கு எட்டாது."

கட்டில் பக்கத்து ஆணியில் மாட்டினோம். அன்றிரவு அவள் அழுதாள், நெடுநேரம், 'அம்மா' என்று சொல்லிச் சொல்லி. நான் பயந்தது அதற்குத்தான். வந்த பிறகு, அது வரட்டும் என்றுதான் இருந்தது.

இப்போதும் மின்சாரம் போகும்போதெல்லாம் அவள் குளியலறைக் கதவருகே போய் அதைச் சொல்கிறாள். நான் தடுப்பதில்லை. போன மாதம் ஒரு காலை, அவள் பள்ளியில் இருந்த நேரம், மின்சாரம் போயிற்று. வீட்டில் நான் மட்டும். சிறிது நேரம் உட்கார்ந்தே இருந்தேன். பிறகு எழுந்து போய், கதவருகே நின்று, "அவ பள்ளிக்கூடம் போயிருக்கா. நான் இருக்கேன்," என்றேன்.