வெள்ளைக் கூடையில் விழுந்த சிவப்பு ஜெர்சி

ஓர்லீன் கில்லரியின் கையில் ஓர் அழுக்கு ஜெர்சியைக் கொடுத்தால் போதும், அதைப் போட்டிருந்தவன் அன்றைக்கு மைதானத்தில் என்ன கிழித்தான் என்று சொல்லிவிடுவாள். முதுகில் புல்லின் பச்சை அப்பியிருந்தால் அவன் தாக்குதல்காரன், பந்தோடு ஓடிப் பிடிபட்டு மல்லாக்க விழுந்திருக்கிறான். மார்பிலும் முழங்கையிலும் பச்சை என்றால் தடுப்புக்காரன், ஓடியவனைக் கட்டிப்பிடித்துக் குப்புற விழுந்திருக்கிறான். கறையே இல்லாமல் வெறும் வியர்வை என்றால் ஒன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், இல்லையென்றால் வேலையை ஏய்த்தான். பெல்வூ கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கான சலவை அறையில் இருபத்துநான்கு வருஷமாக நிற்கிறவளிடம் எந்தப் பையனும் கதை விட முடியாது. பலர் விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த அறை மைதானத்தில் ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கிற காலரிக்கு அடியில் இருந்தது. மூன்று பெரிய சலவை இயந்திரங்கள், ஒரு தையல் மிஷின், இரண்டு கூடைகள். பயிற்சி நாட்களில் தாக்குதல் பக்கத்துப் பையன்களுக்கு வெள்ளை ஜெர்சி, தடுப்புப் பக்கத்துக்குச் சிவப்பு. ஒரே அணிதான், ஆனாலும் வருஷம் முழுக்க இந்த இரண்டு நிறமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு திரியும். சாப்பாட்டுக் கூடத்தில்கூட மேஜை வேறு வேறு. அந்த வசந்தகாலம் புதிதாக வாங்கிய சிவப்பு ஜெர்சிகள் சாயம் விட்டன. ஓர்லீனே ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தாள்: "சிவப்பு தனி, வெள்ளை தனி. கலந்தவன் தொலைந்தான்."

பத்தொன்பது வயதில், படித்துக்கொண்டே தினம் இரண்டு மணி நேர வேலைக்கென்றுதான் அவள் அந்த அறைக்குள் வந்தாள். வந்த முதல் வாரத்திலிருந்தே ஒரு சிவப்பு ஜெர்சி அவள் உயிரை எடுத்தது. தினமும் கழுத்தில், இடது பக்கம் கிழிந்து வரும். தைத்து அனுப்பினால் மறுநாளும் அதே இடம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் உள்பக்கம் ஒரு சீட்டைக் குத்தி அனுப்பினாள்: "துரைக்குக் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதா?" அடுத்த நாள் துரையே வந்து நின்றான், கையில் சுடச்சுட பூடான் பொட்டலம். அரிசியும் பன்றிக்கறியும் அடைத்த அந்தத் தொத்திறைச்சியை அவள் தின்று முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் நின்றான். அவன் பெயர் ஆல்சீட். எட்டு மாதத்தில் கல்யாணம்.

ஆல்சீட் இப்போது சர்க்கரை ஆலையில் ஃபோர்மேன். மூன்று வருஷம் தடுப்பில் ஆடியதற்குச் சாட்சியாக அவனிடம் இருப்பது வலது தோள் மட்டும். அந்தக் கை காதுக்கு மேலே எழும்பாது. வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் ஓர்லீன்தான் ஸ்டூலில் ஏறுவாள். ஏறும்போதெல்லாம் அந்தச் சிவப்பு ஜெர்சியை ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள்.

தோளைவிடப் பெரிய ஆற்றாமை ஒன்றும் அவளுக்கு உண்டு. ஆட்ட நாட்களில் அவள் காலரிக்கு அடியிலேயே இருப்பாள், கிழிந்ததைத் தைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே. யாராவது பந்தோடு எல்லையைத் தொட்டால் மட்டும் கான்கிரீட்டைத் தாண்டி ஆரவாரம் கேட்கும், மேலேயிருந்து தூசி கொட்டும். மற்ற நேரமெல்லாம் இயந்திரங்களின் இரைச்சல்தான். அதனால் அவள் கணக்கில் ஊர் கத்துவது தாக்குதல்காரனுக்கு மட்டும். தன் புருஷனுக்காக மூன்று வருஷத்தில் ஒரு பொட்டுத் தூசிகூட விழவில்லை என்பது அவள் மனசில் முள்ளாகக் கிடந்தது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் கெல்வின் பிள்ளையாகப் பிறந்து தொலைத்தான். ஆறடி நாலங்குலம், கதவை அடைக்கிற உடம்பு, பூனை நடை. எறிந்த பந்து எங்கே வந்தாலும் அவன் கையில் ஒட்டிக்கொள்ளும். எதிரே ஓடி வருகிறவன் எவ்வளவு பெரியவனானாலும் அவன் கைக்குள் அடங்குவான். கல்லூரியில் அவனுக்கு இரண்டாவது வருஷம் முடியும்போது இரண்டு உதவிக் கோச்சுகளும் அவனை ஆளுக்கொரு பக்கம் இழுக்க ஆரம்பித்தார்கள். தாக்குதல் கோச் ஏபேர், இப்படிப் பந்து பிடிக்கிற பெரிய உடம்பு பத்து வருஷத்துக்கு ஒன்றுதான் வரும், அதைத் தடுப்பில் போடுவது பாவம் என்றார். தடுப்புக் கோச் ரோஸ்கோ, பந்து பிடிக்க ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள், ஆளை நிறுத்த இவன் ஒருவன்தான் என்றார். ஊரும் விடவில்லை. முடிவெட்டும் கடையில் கட்சி பிரிந்தது. தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கத்துக்கு நடுவிலேயே தன் ஓட்டைத் தாக்குதலுக்குப் போட்டுவிட்டு மேலே தொடர்ந்தார்.

தலைமைக் கோச் வில்கி அதிகம் பேசாதவர். வசந்தகாலப் பயிற்சி முழுக்கக் கெல்வின் முதல் பாதி வெள்ளை, மறுபாதி சிவப்பு என்று ஏற்பாடு செய்தார். பயிற்சி முடிகிற வெள்ளிக்கிழமை யார் எந்தப் பக்கம் என்ற பட்டியல் ஒட்டப்படும், அதற்குள் பையனே தன் வாயால் சொல்லட்டும் என்றார். சனிக்கிழமை வெள்ளைக்கும் சிவப்புக்கும் ஊர் பார்க்க ஒரு ஆட்டம், அப்புறம் எல்லோருக்கும் நண்டு போன்ற அந்தச் சின்னச் சின்ன கிராஃபிஷ் அவித்துக் கொட்டுவார்கள்.

செவ்வாய்க்கிழமை ராச்சாப்பாட்டின்போது கெல்வின் சோற்றில் கறிக்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே பேச்சை எடுத்தான்.

"நீ சொல்லும்மா. எந்தப் பக்கம்?"

"என்னை ஏன்டா கேக்கிற?"

"இத்தனை பேர் துணியைத் துவைச்சிருக்க. உனக்குத் தெரியாததா?"

ஓர்லீன் புருஷனைப் பார்த்தாள். ஆல்சீட் தட்டைப் பார்த்தான்.

"வெள்ளை," என்றாள்.

"சரிம்மா," என்றான் கெல்வின். அவ்வளவுதான். வழக்கமாக மூன்று தட்டு சாப்பிடுகிறவன் ஒன்றோடு எழுந்துவிட்டான். அது அவள் கண்ணில் பட்டது, பட்டும் படாததுபோல இருந்துகொண்டாள்.

புதன்கிழமைப் பயிற்சித் துணியை வியாழன் காலையில் பிரித்துப் போடும்போது அவள் மனசு முழுக்கப் பட்டியல்தான் ஓடியது. வெள்ளைக்கு என்ன எண் வரும், ஒலிபெருக்கியில் பெயரை எப்படிச் சொல்வார்கள், மேலிருந்து எவ்வளவு தூசி விழும். இருபத்துநான்கு வருஷப் பழக்கத்தில் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. வெள்ளைக் கூடையை மூன்று இயந்திரத்துக்கும் பிரித்துக் கொட்டினாள். வெள்ளைத் துணி என்பதால் கொதிக்கிற தண்ணீர். பொத்தானை அழுத்திவிட்டு காபி குடிக்கப் போனாள்.

திரும்பி வந்து நடு இயந்திரத்தின் கதவைத் திறந்தாள். பதினெட்டு ஜெர்சி, அத்தனையும் கல்யாண கேக்கில் வைக்கிற பூவின் நிறத்தில் பளபளவென்று ரோஜாவாக இருந்தன. தாக்குதல் பக்கத்தின் முக்கியமான பையன்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். திரும்பத் துவைத்தாள், வெளுப்பான் ஊற்றி ஊறவைத்தாள், திட்டினாள். ரோஜா கொஞ்சம் மங்கியதே தவிர போகவில்லை.

உள்ளே கையை விட்டுத் துழாவி அந்தச் சண்டாளனை வெளியே இழுத்தாள். சிவப்பு ஜெர்சி, எண் தொண்ணூற்றொன்று, கெல்வினுடையது. மார்பெல்லாம் துவைத்தும் போகாத புல் பச்சை. கழுத்தில், இடது பக்கம், நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல்.

அவளுக்கு அந்தக் கிழிசலைத் தெரியும். வலது தோளை முன்னால் கொடுத்து முட்டுகிறவனை எதிராளி இடது பக்கம்தான் பிடித்து இழுப்பான். பக்கத்து இயந்திரத்திலிருந்து மகனுடைய வெள்ளை ஜெர்சியை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு அப்புறமும் கடையில் வாங்கியதுபோல இருந்தது, ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை. இந்தப் பன்னிரண்டு நாளும் இரண்டையும் அவள்தான் துவைத்தாள். வேறு எவன் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் மூன்றாம் நாளே சொல்லியிருப்பாள். தன் பிள்ளை விஷயத்தில் மட்டும் படிக்கத் தெரியாதவள்போல இருந்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அழுதாள்.

மத்தியானம் தாக்குதல் பக்கத்துப் பையன்கள் ரோஜா நிறத்தில் மைதானத்துக்கு வந்தபோது சிவப்புப் பக்கம் புல்லில் விழுந்து புரண்டது. கோச் ஏபேரின் முகம் ஜெர்சியைவிடச் சிவந்திருந்தது. கல்யாணப் பொண்ணுத் தோழிங்க பதினெட்டு பேர் வந்தாச்சு, மாப்பிள்ளை எங்க ஏபேர் என்று ரோஸ்கோ சத்தமாக விசாரித்தார்.

வில்கியிடம் ஒரு முறை உண்டு. அணி முழுக்க வட்டமாக உட்காரும், தப்புச் செய்தவன் அதற்கு நடுவில் வந்து, தன் தப்பைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லோரும் ஒரே ஒரு தரம் கை தட்டுவார்கள். அதோடு அது முடிந்தது, அப்புறம் யாரும் அதைப் பேசக் கூடாது. ஆட்டக்காரர்களுக்கென்று வைத்த முறை அது. சலவை அறைக்காரி யாரும் அதுவரை நடுவில் வந்ததில்லை. ஓர்லீன் கிழிந்த சிவப்பு ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, முட்டிவலியோடு புல்லில் நடந்து நடுவில் போய் நின்றாள். பையன்களின் சிரிப்பு அடங்கியது.

"சிவப்பு தனி, வெள்ளை தனின்னு எழுதி வச்சதே நான்தான்," என்றாள். "நானே இதை வெள்ளைக் கூடையில போட்டுட்டேன். என் பையன் வெள்ளையில இருக்கணும்னு எனக்கு அவ்ளோ ஆசை. ஆசை இருந்த இடத்துக்கே கையும் போயிடுச்சு. உங்க எல்லார் துணியையும் பாத்து உங்களைப் படிக்கிறவ நான். இவன் வெள்ளையில ஒரு தையல் விடல. சிவப்பைப் பாருங்க. இதைப் படிக்காம இருந்தேன் பாருங்க, அதுதான் பெரிய தப்பு."

எழுபது பேரின் கைகள் ஒரு தரம் தட்டின. ஓர்லீன் திரும்பி நடப்பதற்குள் கெல்வின் எழுந்து நடுவுக்கு வந்தான்.

"என் தப்பும் ஒண்ணு இருக்கு கோச். அம்மா வெள்ளைன்னதும் மனசில இருக்கிறதைச் சொல்லாம தலையாட்டிட்டேன். பந்து வரும் வரும்னு காத்துக்கிட்டு நிக்கிறது எனக்கு ஆகல. வர்றவனை நானே போய்ப் பாக்கணும்."

மறுபடி ஒரு கைத்தட்டல். ரோஸ்கோ மட்டும் இரண்டு தரம் தட்டினார். ஒரு தரம்தான் என்று வில்கி அவரைப் பார்க்காமலே சொன்னார். ஏபேர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, கிழிசலை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, பையனின் முதுகில் தட்டினார். அவருக்கு வருத்தம்தான், ஆனால் அவரும் ஒரு காலத்தில் ஆடியவர்.

ஓர்லீன் ரோஸ்கோவிடம் போனாள். அவர் பற்களெல்லாம் தெரிய நின்றிருந்தார்.

"சிரிக்காத. ரெண்டு தோளையும் முழுசாத்தான் உங்கிட்ட குடுக்கிறேன். அப்படியே திருப்பித் தரணும். ஐம்பது வயசுல அவன் வீட்டுப் பல்பை அவனேதான் மாத்தணும்."

ரோஸ்கோவின் சிரிப்பு நின்றது. "இப்ப நாங்க முட்டக் கத்துக்குடுக்கிறதே வேற மாதிரி மிஸ் ஓர்லீன்," என்றார். "அவன் வலது தோளைச் சாய்ச்சு முட்டுற பழக்கத்தை நான் மாத்துறேன். தினம் கழுத்தைப் பாருங்க. இடது பக்கமே கிழிஞ்சு வந்துச்சுன்னா என்னை வந்து கேளுங்க."

சனிக்கிழமை ஆட்டம் சிவப்புக்கும் ரோஜாவுக்கும் இடையே நடந்தது. ஊருக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஆல்சீட் சலவை அறைக்குள் வந்து தையல் மிஷினின் சுவிட்சை அணைத்தான். மேலே வா என்றான். எவனாவது கிழித்துக்கொண்டு வந்தால் யார் தைப்பது என்று அவள் கேட்டாள். கிழிசலோடு ஆடட்டும் என்றான்.

இருபத்துநான்கு வருஷத்தில் முதல்முறையாக ஓர்லீன் காலரியில் உட்கார்ந்தாள். வெயிலில் கண் கூசியது. ஆட்டம் தொடங்கி மூன்றாவது முயற்சியிலேயே ரோஜா நிறப் பையன் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தான். தொண்ணூற்றொன்று அவனை நேராகப் போய்ப் பார்த்து, அணைத்து, புல்லில் படுக்கவைத்தது. ஒலிபெருக்கி கரகரத்தது: "தடுத்து வீழ்த்தியவர், கெல்வின் கில்லரி." சுற்றியிருந்த எல்லோரும் எழுந்து கத்தினார்கள்.

ஓர்லீன் புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் பேரைச் சொல்றாங்களே?"

"சொல்வாங்க."

"பந்து வச்சிருக்கிறவன் பேரைத்தானே சொல்வாங்க?"

"அவனை விழ வச்சவன் பேரையும் சொல்வாங்க."

அடுத்ததைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"உன் பேரையும் சொன்னாங்களா?"

"மூணு வருஷம் சொன்னாங்க ஓர்லீன்," என்றான் ஆல்சீட். "ஊரே எழுந்து நின்னுச்சு. நீ கீழ என் சட்டையைத் தச்சுக்கிட்டிருந்த."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் மனசில் கிடந்த முள்ளுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அடுத்த முறை மகன் பெயர் வந்தபோது எல்லோரோடும் எழுந்து நின்று, முதலில் கெல்வின் பெயரையும் அப்புறம் ஆல்சீட் பெயரையும் கத்தினாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆல்சீட் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் தொண்ணூற்றொன்று சலவைக்கு வந்தது. மார்பில் பச்சை, முழங்கையில் பச்சை. கழுத்து கிழிந்திருந்தது, ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்த்தாள். நிதானமாகத் தைத்து, உள்பக்கம் "துரைக்குக் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிகிறதே!" என்று எழுதிய ஒரு சீட்டைக் குத்தி, சிவப்புக் கூடையில் போட்டாள்.